கடலின் மேல் நகராமல் நின்ற மழை

கேள்வி: ஐயா, நான் மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில் மண்டோராக, அதாவது ஆட்களை மேய்க்கும் கங்காணியாக இருக்கிறேன். என் பொறுப்பில் 11 பேர் உரம் போடுகிறார்கள். காலையில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கும் பெரட்டுக்கு முன், 5 மணிக்கே எழுந்து கைப்பேசியில் மழை ரேடார் படத்தைப் பார்த்துவிட்டுத்தான் அன்றைய வேலையை முடிவு செய்கிறேன். சென்ற மாதம் ஒரு விடியற்காலையில் கடல் பக்கம் பச்சையும் மஞ்சளுமாக மழை நின்றது. வேலையை நிறுத்திவிட்டேன். ஒரு சொட்டுகூட விழவில்லை. மானேஜரிடம் ஏச்சு வாங்கினேன். அடுத்த வாரம் படம் துடைத்துவிட்டாற்போல இருந்தது. ஆட்களை இறக்கினேன். ஏழரை மணிக்குக் கொட்டித் தீர்த்தது. போட்ட யூரியா கால்வாயோடு போயிற்று. மே மாதம் ஒரு நாள் மாலையில் ரேடாரிலிருந்து மேற்கு நோக்கி அடிக்கோல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு தோன்றி, கொஞ்ச நேரத்தில் மறைந்தது. இன்னொரு நாள் இரவு, மழை பெய்துகொண்டிருந்தபோது, ரேடாரைச் சுற்றி ஒரு வட்டம். எங்கள் மாமா இவையெல்லாம் மழையைத் திருப்பிவிடும் இயந்திரத்தின் வேலை என்று குடும்ப வாட்ஸ்அப்பில் எழுதுகிறார். இந்தப் படத்தை நம்பலாமா, கூடாதா?

பதில்:

அன்புள்ள சகோதரி,

நீங்கள் வாங்கிய ஏச்சை நானும் வாங்கியிருக்கிறேன். ரேடார் பராமரிப்பு வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாத காலம். இரவுப் பணி. அதிகாலை மூன்றரை மணிக்கு மலாக்கா நீரிணையின் மேல் திட்டுத் திட்டாக எதிரொலிகள் தெரிந்தன. பெரிய மழை கரையேறப் போகிறது என்று பதறி, மூத்த அதிகாரியை வீட்டுத் தொலைபேசியில் எழுப்பினேன். "எவ்வளவு நேரமாக அங்கே இருக்கிறது?" என்று கேட்டார். ஒன்றரை மணி நேரமாக என்றேன். "ஒன்றரை மணி நேரம் இடமும் மாறாமல் உருவமும் மாறாமல் நிற்கிற மழையை நீ எந்த ஊரில் பார்த்தாய்?" என்றார். பிறகு அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. விடிந்ததும் வெளியே போய்ப் பார்த்தேன். வானம் கழுவி வைத்த பாத்திரம் போலிருந்தது.

உங்கள் முதல் சிக்கல் இதேதான். அதை விளக்கும் முன், அந்தப் படம் எப்படி உருவாகிறது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றவை புரியாது.

ரேடார் 'படம்' என்று பழக்கத்தில் சொல்கிறோமே தவிர, அதில் கேமராவின் வேலை எதுவும் இல்லை. கிணற்றுக்குள் குரல் கொடுத்துப் பார்ப்பதைப் போன்றது அது. சுழலும் ஆன்டெனா ஒரு நுண்ணலைத் துடிப்பை ஒரு திசையில் அனுப்பிவிட்டு, வாயை மூடிக்கொண்டு காது கொடுக்கிறது. துடிப்பு எதிலாவது பட்டுத் திரும்பி வந்தால், வந்து சேர எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவைக் கணக்கிடுகிறது. 150 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் மழை பதில் சொல்ல, ஒரு வினாடியை ஆயிரமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு நேரம் போதும். எதிரொலி எவ்வளவு பலமாக வந்தது என்பது நிறமாக மாறுகிறது. வந்தது மழையிலிருந்தா, மலையிலிருந்தா, கப்பலிலிருந்தா, கொக்குக் கூட்டத்திலிருந்தா என்பது அந்த எதிரொலியின் நெற்றியில் எழுதியிருக்காது. கணினி முடிந்தவரை சலித்துப் பார்க்கிறது. சல்லடையில் தங்கியதை மழை என்று எடுத்துக்கொண்டு நிறம் பூசுகிறது. பெரும்பாலான நாட்களில் அது சரியாகவே இருக்கும்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எதிரொலியின் பலம் துளியின் விட்டத்தைப் பொறுத்துத் தாறுமாறாக ஏறும். விட்டத்தின் ஆறாம் அடுக்கு அளவுக்கு. 1 மில்லிமீட்டர் துளிகள் 4,096 சேர்ந்து தரும் எதிரொலியை 4 மில்லிமீட்டர் துளி ஒன்றே தந்துவிடும். அதனால்தான் பெருந்துளிகளாகச் சடசடவென்று ஐந்து நிமிடம் அடித்து ஓயும் மழை சிவப்பாக மிரட்டுகிறது. மணிக்கணக்கில் நசநசத்து ஆட்களை நனைத்துவிடும் தூறலோ வெளிர் நீலத்தில் ஒதுங்கிக் கிடக்கிறது. மேகத்தின் துளிகள் அதைவிடப் பொடியானவை, இந்த ரேடாரின் கண்ணுக்கே படாது. தலைக்கு மேல் கறுத்துக்கொண்டு நிற்க, திரை வெறுமையாக இருந்தால் ரேடார் பழுது என்று நினைக்க வேண்டாம். அந்த மேகம் இன்னும் மழையாகவில்லை, அவ்வளவுதான்.

இனி கடலுக்கு வருவோம்.

ரேடாரின் கற்றை சற்றே மேல்நோக்கிச் சாய்ந்து புறப்படுகிறது. பூமி உருண்டை என்பதால், போகப் போகத் தரை கீழே விலகுகிறது. கற்றை உயர்ந்துகொண்டே போகிறது. இது சாதாரண நாளின் கதை. மேகமில்லாத, காற்றசையாத இரவில் கதை மாறும். தரை வேகமாகக் குளிர்ந்து, தன்னை ஒட்டிய காற்றையும் குளிர வைக்கிறது. அதற்கு மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. கடலின் மேலே இன்னொரு வகை: ஈரம் முழுவதும் நீரோடு ஒட்டிக் கிடக்க, சற்று உயரத்தில் காற்று உலர்ந்திருக்கும். இப்படிப்பட்ட அடுக்குகளுக்குள் நுழையும் கற்றை நேராகப் போகாமல் கீழே வளைகிறது. நடுப்பகலில் தார்ச்சாலையில் தண்ணீர் கிடப்பதாகக் கானல் ஏமாற்றுகிறதல்லவா, ஒளி வளைவதால் வரும் வேடிக்கை அது. அதன் தம்பிதான் இது. வளைந்த கற்றை கடல் அலைகளிலும், நீரிணையில் இரவும் பகலும் ஊர்ந்துகொண்டிருக்கும் கப்பல்களிலும் மோதித் திரும்புகிறது. திரையில் மழை.

நகராத பொருளிலிருந்து வரும் எதிரொலியைக் கணினி அடையாளம் கண்டு நீக்கிவிடும். கட்டடமும் மலையும் பெரும்பாலும் அப்படித்தான் அகற்றப்படுகின்றன. கடல் அலை அசைகிறது, கப்பல் போகிறது. அதனால் சல்லடையிலிருந்து தப்பிவிடுகின்றன.

அந்தக் காலையை நினைவுபடுத்திப் பாருங்கள். செம்பனை மட்டைகளுக்கிடையில் பனிமூட்டம் தங்கியிருந்ததா? மோட்டார் சைக்கிளின் இருக்கை நனைந்திருந்ததா? வானத்தில் நட்சத்திரம் தெரிந்ததா? மூன்றுக்கும் ஆம் என்றால், கற்றை வளைவதற்கு ஏற்ற இரவு அது. இத்தகைய எதிரொலி ஒரு படத்தில் பளிச்சென்று இருக்கும், அடுத்ததில் மங்கும், மறுபடி அதே இடத்தில் முளைக்கும். திட்டுகளின் ஓரம் பொரிந்த அப்பளம் மாதிரி பொத்தலும் புள்ளியுமாக இருக்கும். வெயில் ஏறித் தரை சூடாகி, அந்த அடுக்கு கலைந்ததும் தானாகக் காணாமல் போகும். உண்மையான மழைக்கூடு, அதாவது தனியாகத் திரண்டு பெய்யும் ஒரு மழைத்திரள், அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் பிறந்து, பருத்து, தேய்ந்துவிடும். நிற்பதுபோலத் தெரிந்தாலும் உருவம் மாறிக்கொண்டே இருக்கும். ஒரு படத்தைப் பார்த்து இவற்றைப் பிரிக்க எனக்கும் வராது. கடைசி ஒரு மணி நேரத்துப் படங்களை ஓடவிட்டுப் பாருங்கள்.

இதைப் படித்துவிட்டு, விடியற்காலையில் கடல் மேல் தெரிவதெல்லாம் பொய் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அது முன்னதைவிடப் பெரிய தவறாகிவிடும். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், சுமத்ராவின் மேலோ நீரிணையின் மேலோ இரவில் உருவாகி, விடியும் நேரத்தில் நம் மேற்குக் கரையைத் தாக்கும் புயற்காற்று மழை ஒன்று உண்டு. கப்பல்காரர்கள் அதற்குச் சுமத்ரா என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். ரேடாரில் அது நீண்ட வரிசையாக, பெரும்பாலும் வில்லைப்போல முன்பக்கம் வளைந்து தெரியும். முன்விளிம்பு கூர்மை, பின்னால் வெளிறிய நீண்ட மழை. அது நிற்காது. உங்கள் கட்டைவிரல் போதும், அளந்துவிடலாம்: நான்கரை மணிப் படத்தில் முன்விளிம்பு எங்கே, 5 மணிப் படத்தில் எங்கே? அரை மணி நேரத்தில் 20 கிலோமீட்டர் கிழக்கே வந்திருந்தால் வேகம் மணிக்கு 40. உங்கள் தோட்டத்துக்கு இன்னும் 60 கிலோமீட்டர் இருந்தால் ஆறரை மணிக்கு வந்து நிற்கும். அந்த வரிசையின் முன்னால் வரும் காற்று மட்டையை முறிக்கும். ஆட்களை மரத்தடியில் நிற்க விடக்கூடாது. அப்படி ஒரு நாளில் வேலையை நிறுத்தி, மழையே வராமல் ஏச்சு வாங்கினாலும் நான் உங்கள் பக்கம்தான்.

இரண்டாவது சிக்கல், துடைத்த திரையும் கொட்டிய மழையும். இதில் ரேடாரை அவ்வளவு எளிதாகக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற மாட்டேன். நீங்கள் படம் பார்த்தது 5 மணிக்கு. மழை வந்தது ஏழரைக்கு. இடையில் இரண்டரை மணி நேரம். நம் நாட்டில் ஒரு மழைக்கூடு ஒன்றுமில்லாத வானத்திலிருந்து எழுந்து கொட்டத் தொடங்க அரை மணி நேரம் போதும். ஏழு மணிக்குப் பிறந்த பிள்ளையை 5 மணிக்கு எடுத்த குடும்பப் படத்தில் தேடினால் எப்படி? ரேடார் இப்போது இருப்பதைத்தான் சொல்லும். வரப்போவதைச் சொல்வது முன்னறிவிப்பின் வேலை. ஆகவே பெரட்டுக்கு முன் ஒரு தடவை பார்த்தால் போதாது. உரம் சாக்கு பிரிக்கும் முன் இன்னொரு தடவை பாருங்கள். பிரிக்காத சாக்கைத் தார்ப்பாயால் மூடிவிடலாம், பிரித்ததை என்ன செய்வது?

படத்தின் மூலையில் இருக்கும் நேரத்தையும் கவனியுங்கள். வெளிநாட்டுச் செயலிகள் சில, உலகப் பொது நேரத்தைக் காட்டும். நம் நேரம் அதைவிட 8 மணி நேரம் முன்னால். 21:00 என்று போட்டிருந்தால் அது நமக்கு விடியற்காலை 5 மணி. இதைத் தெரியாமல் நேற்று இரவு மழையைப் பார்த்து இன்று குடை எடுத்துப் போனவர்களை அறிவேன்.

ஆனாலும் ரேடாருக்கும் இதில் ஒரு பங்கு இருக்கக்கூடும். உங்கள் பகுதியைப் பார்க்கும் ரேடார்களில் ஒன்று கோலாலம்பூருக்குப் பக்கத்தில் சுபாங்கில் இருக்கிறது. அங்கிருந்து ஊத்தான் மெலிந்தாங்குக்கு நேர்க்கோட்டுத் தொலைவு 100 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம். கற்றை அரை டிகிரி ஏற்றத்தில் புறப்பட்டால், உங்கள் தோட்டத்துக்கு வந்து சேரும்போது அதன் நடுப்பகுதி ஏறத்தாழ 1.6 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். தெலுக் இந்தான் சாய்ந்த கோபுரத்தை அறுபது தடவைக்கு மேல் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கினால் வரும் உயரம் அது. அவ்வளவு தொலைவு வந்த கற்றை மெலிதாகவும் இருக்காது. 1 டிகிரி அகலக் கற்றை அங்கே ஏறத்தாழ 2 கிலோமீட்டர் பருமனாகிவிடும். கரையோரத்தில் விடியும்போது திரளும் தாழ்ந்த மேகம் சில நேரம் இந்தக் கற்றைக்குக் கீழேயே மழையைக் கொட்டிவிட்டு நடையைக் கட்டும். ரேடார் அதன் தலைக்கு மேலே பார்த்துக்கொண்டிருக்கும். இதற்கு எதிர்மாறானதும் நடக்கும்: மேலே மழை இருக்கும், கீழே இறங்கும் வழியில் உலர்ந்த காற்று குடித்துவிடும். திரையில் பச்சை, தோட்டத்தில் புழுதி.

இன்னொன்று, குறிப்பாக 5 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் ரேடார்களுக்கு: நடுவழியில் கனமழை இருந்தால் அது கற்றையின் பலத்தை உறிஞ்சிவிடும். அதன் பின்னால் இருக்கும் மழை தூறலாகத் தெரியும், அல்லது தெரியவே தெரியாது. 10 சென்டிமீட்டர் அலைக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. அப்படி 5 சென்டிமீட்டர் அலையில் இயங்கும் ரேடாருக்கும் உங்களுக்கும் இடையே சிவப்புத் திரளாக மழை நின்றால், அதற்கு உங்கள் பக்கத்தில் தெரியும் வெறுமையை நம்பாதீர்கள்.

இப்போது அந்தக் கோடு. உங்கள் மாமாவை மிகவும் கவர்ந்தது இதுதான் என்று நினைக்கிறேன்.

மே மாதம், மாலை, மேற்கு. மணி எத்தனை என்று நீங்கள் எழுதவில்லை. ஏழேகாலை ஒட்டி இருந்திருக்கும் என்று பந்தயம் கட்டுகிறேன். அந்தக் கோடு சூரியன்.

சூரியன் ஒளியை மட்டும் அனுப்புவதில்லை. ரேடார் கேட்கும் அலைகளிலும் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கிறது. வானத்தில் உயரே இருக்கும்போது தாழ்வாகச் சுற்றும் ஆன்டெனாவின் காதில் அந்த இரைச்சல் விழாது. உதிக்கும்போதும் மறையும்போதும் சில நிமிடங்கள், சுற்றி வரும் ஆன்டெனா சூரியனை நேருக்கு நேர் பார்த்துவிடுகிறது. இந்த இரைச்சல் ஒரு குறிப்பிட்ட தொலைவிலிருந்து திரும்பிய எதிரொலி இல்லையே, இடைவிடாமல் வருகிறது. அதனால் அந்தத் திசையில் எல்லாத் தொலைவிலும் ஏதோ இருப்பதாக ரேடார் எழுதிக்கொள்கிறது. நடுவிலிருந்து விளிம்பு வரை ஒரே கோடு. தொலைவிலிருந்து வரும் எதிரொலி பலவீனமாகத்தான் வரும் என்று ரேடார் அதற்கு ஈடுசெய்து பெருக்குவதால், கோடு வெளியே போகப் போக அகன்று, நிறமும் ஏறும். நீங்கள் அன்று எடுத்து வைத்த படம் இருந்தால் அடிக்கோலை வைத்துப் பாருங்கள். மே மாதத்தில் சூரியன் நேர் மேற்கில் மறைவதில்லை. ஏறத்தாழ 20 டிகிரி வடக்கே தள்ளி மறைகிறது. கோடும் அவ்வளவே வடக்கே சாய்ந்திருக்கும். மார்ச், செப்டம்பர் மாதங்களின் பிற்பகுதியில் பார்த்தால் நேர் மேற்கு; டிசம்பரில் தெற்கே சாயும்.

எங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கோடு தொல்லை இல்லை, வரம். சூரியன் எந்த நிமிடத்தில் எந்தக் கோணத்தில் இருக்கும் என்பது வானியல் கணக்கில் துல்லியமாகத் தெரியும். ரேடார் அதை எந்தக் கோணத்தில் காட்டுகிறது என்று ஒப்பிட்டால், ஆன்டெனா சரியான திசையைப் பார்க்கிறதா என்பது வெட்ட வெளிச்சமாகிவிடும். நான் வேலை பார்த்த ஒரு நிலையத்தில், பழுதுபார்ப்புக்குப் பின் ஆன்டெனா 1 டிகிரி விலகி நின்றதை இப்படித்தான் ஒரு மாலையில் பிடித்தோம். 1 டிகிரி என்ன பெரிய காரியம் என்று தோன்றும். 100 கிலோமீட்டரில் அது ஒன்றே முக்கால் கிலோமீட்டர். ஒரு தோட்டத்து மழையைப் பக்கத்துத் தோட்டத்தில் கொண்டுபோய் இறக்கிவிடும்.

கோடு நடுப்பகலிலோ நள்ளிரவிலோ வந்தால், தினமும் ஒரே திசையில் வந்தால், அது வேறு ஆள். 5 சென்டிமீட்டர் ரேடார்களும் வீட்டிலும் கடையிலும் உள்ள சில வைஃபை கருவிகளும் பக்கத்துப் பக்கத்து அலைவரிசைகளில் குடியிருக்கின்றன. ரேடாரின் குரல் கேட்டால் ஒதுங்கிப் போகும்படி அந்தக் கருவிகள் வடிவமைக்கப்பட்டிருக்க வேண்டும். அந்த ஏற்பாட்டை யாராவது அணைத்துவிட்டால் திரையில் வண்டிச் சக்கரத்தின் ஆரம்போலக் கோடு விழும். அமெரிக்காவின் சான் ஹுவான் விமான நிலைய ரேடார் இதனால் பட்ட பாட்டை விசாரிக்கத் தனி ஆய்வே நடத்தினார்கள்.

மாமாவிடம் சண்டை போட வேண்டாம். நம் நாட்டில் செயற்கை மழை முயற்சி நடப்பது உண்மைதான். வானிலைத் துறையும் ஆகாயப்படையும் சேர்ந்து, விமானத்தில் ஏறி, ஏற்கனவே திரண்டிருக்கும் மேகத்தில் உப்புக் கரைசலைத் தெளிப்பார்கள். ஒளித்துச் செய்வதில்லை, செய்தித்தாளில் வரும். அதற்கும் இந்தக் கோட்டுக்கும் சம்பந்தமில்லை. அடுத்த முறை கோடு வரும்போது மாமாவை வாசலுக்கு அழைத்துச் சூரியன் மறையும் இடத்தைக் காட்டுங்கள். படத்தையும் பக்கத்தில் பிடியுங்கள். நம்பினாலும் நம்பாவிட்டாலும் நல்ல அந்திக் காட்சி கிடைக்கும்.

வட்டத்துக்கு வருகிறேன். இரவில், மழையின் நடுவே, ரேடாரை மையமாக வைத்து வந்தது என்று நீங்கள் சரியாகக் கவனித்து எழுதியிருக்கிறீர்கள். அந்த மூன்று விவரங்களும் ஒரே திசையைக் காட்டுகின்றன. நம் வெப்பமண்டலத்து மழையிலும் பெரும்பகுதி மேலே பனித்துகளாகத்தான் இருக்கிறது, பெருமழை ஓய்ந்தபின் பரவலாகப் பெய்யும் மழையில் குறிப்பாக. ஏறத்தாழ 5 கிலோமீட்டர் உயரத்தில் அது உருகத் தொடங்குகிறது. பாதி உருகிய பனித்துகள், வெளியே தண்ணீர் பூசிக்கொண்டு, ரேடாரின் கண்ணுக்கு ஒரு பெரிய மழைத்துளியாக வேடம் போடுகிறது. முழுதாக உருகியதும் சுருங்கி, வேகமாக விழுந்து, எதிரொலி குறைந்துவிடுகிறது. எனவே அந்த உயரத்தில் மட்டும் ஒரு பளிச்சென்ற அடுக்கு. மேல்நோக்கிச் சாய்ந்து சுற்றும் கற்றை எல்லாத் திசையிலும் ஏறத்தாழ ஒரே தொலைவில் இந்த அடுக்கைத் துளைப்பதால், அது வட்டமாக விழுகிறது. வட்டத்தின் மேல் மழை சிவப்பு, உள்ளேயும் வெளியேயும் பச்சை என்று தெரிந்தாலும், கீழே நிற்பவர்களுக்கு மூன்று இடத்திலும் ஒரே தூறல்தான்.

வட்டத்தின் மையம் ரேடாரில் இல்லாமல் வேறோர் இடத்தில் இருந்து, மழையே இல்லாத விடியலில் வளையம் விரிந்துகொண்டே போனால், அது உயிருள்ள வட்டம். அமெரிக்காவில் ஆயிரக்கணக்கில் கூடி அடையும் ஒரு வகைத் தகைவிலான் இனப் பறவைகள், சூரியன் எழும்போது எல்லாத் திசையிலும் ஒரே நேரத்தில் கிளம்புவதை அங்கே ரேடாரில் வழக்கமாகப் பார்க்கிறார்கள். டெக்சாஸின் பிராக்கன் குகை வௌவால்கள் மாலையில் கிளம்புவதும் அப்படியே தெரியும். உங்கள் வட்டாரத்தில் கடைவீதி மாடிகளிலெல்லாம் கூட்டுக்காக வளர்க்கும் வாலிட் குருவிக்கு வீடு கட்டியிருக்கிறார்களே, அது தெரியுமா என்று கேட்பீர்கள். சுபாங்கிலிருந்து வரும் கற்றையின் அடிவிளிம்பே உங்கள் ஊரில் ஏறத்தாழ 700 மீட்டர் உயரத்தில் போகும். செம்பனை மேல் பூச்சி பிடித்துப் பறக்கும் குருவி அதற்குக் கீழேதான் இருக்கும். ஆகவே எனக்கு நம்பிக்கையில்லை. கைக்கெட்டும் தொலைவில் ஒரு ரேடார் இருந்திருந்தால் வேறு பேச்சு.

இந்த விஷயத்தில் எங்கள் தொழிலே ஆரம்பத்தில் பேய்க்கதை பேசியதுதான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரிட்டிஷ் ரேடார் இயக்குபவர்கள், விமானமே இல்லாத வானத்திலிருந்து வரும் எதிரொலிகளுக்குத் 'தேவதைகள்' என்று பெயர் வைத்தார்கள். அவற்றில் பல பறவைகள்தான் என்று டேவிட் லாக், ஜார்ஜ் வார்லி என்ற இரு உயிரியலாளர்கள் 1945-இல் எழுதினார்கள். அண்மைக் காலத்திலும் தடுமாற்றம் நிற்கவில்லை. 2017 அக்டோபரில் டென்வர் நகருக்கு மேல் 100 கிலோமீட்டருக்கும் அதிக அகலத்தில் ஒரு திரள் ரேடாரில் மிதந்தது. அங்குள்ள வானிலைக்காரர்கள் முதலில் பறவைகள் என்றார்கள். பிறகு பொதுமக்கள் அனுப்பிய தகவலைப் பார்த்து, வலசை போகும் பட்டாம்பூச்சிகள் என்று திருத்திக்கொண்டார்கள். தரையில் நின்று அண்ணாந்து பார்த்தவர்கள் சொல்லித்தான் அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது.

அதனால் உங்களுக்கு நான் சொல்லும் மருந்தும் தரையில்தான் இருக்கிறது. உங்களுக்கு மேற்கே, பாகான் டத்தோ பக்கத்துத் தோட்டங்களில் உங்களைப்போல ஒரு மண்டோர் இருப்பார். அவருடைய எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கடலில் பச்சையைக் கண்டதும், "அண்ணே, அங்கே காற்று மாறியிருக்கிறதா?" என்று ஒரு குறுஞ்செய்தி போடுங்கள். கடலிலிருந்து வரும் மழை அவரை நனைத்துவிட்டுத்தான் உங்களிடம் வரும். செயற்கைக்கோள் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரேடாரில் மஞ்சள் இருந்து, செயற்கைக்கோளில் அந்த இடத்தில் உயர்ந்த மேகமே இல்லையென்றால் அது பெரும்பாலும் கடல் அலைதான்.

தோட்ட அலுவலகத்தில் ஒரு மழைமானி நிச்சயம் இருக்கும். காலையில் அலுவலக எழுத்தரான கிராணி அதை அளந்து புத்தகத்தில் எழுதுவது துரைமார் காலத்துப் பழக்கம். இன்றும் பல தோட்டங்களில் விடவில்லை. அந்தப் புத்தகத்தைக் கேட்டு வாங்குங்கள். ஒவ்வொரு நாளும் 5 மணிப் படத்தையும் ஆறேமுக்கால் மணிப் படத்தையும் கைப்பேசியில் சேமித்து, பக்கத்தில் மானி காட்டிய மில்லிமீட்டரை எழுதி வாருங்கள். பொய்த்த நாட்களில் பனிமூட்டம் இருந்ததா, காற்று எந்தப் பக்கம் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். மூன்று நான்கு மாதத்தில், உங்கள் தோட்டத்தில் எந்த நிறத்துக்கு என்ன மழை, கடல் பக்கத்துத் திட்டு எத்தனை நாள் ஏமாற்றியது என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்துவிடும். அடுத்த முறை மானேஜர் கேட்கும்போது கைப்பேசியை நீட்டாமல் அந்த நோட்டை நீட்டுங்கள்.

அந்த மே மாதக் கோட்டின் படம் இன்னும் இருந்தால் எனக்கும் அனுப்பிவையுங்கள். 20 டிகிரி என்று பந்தயம் கட்டியிருக்கிறேன், சரிபார்க்க வேண்டும்.